மஞ்சள் நகல்

மழையே எழுதி மழையே அழிக்கிற
சிலேட்டுக்கல் மலை எங்கள் ஃபெஸ்டினியோக்.
அடிவாரத்தில் என் ஒர்க்‌ஷாப்:
ஒரு லிஃப்ட், ஒரு கெட்டில்,
பதினேழு வருடத்து பில் புத்தகங்கள்.

செவ்வாய்க்கிழமை கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்
நெரிஸ் ப்ரோபெர்ட்டின் நீலக் காரை.
வாங்கிப் பதினொரு நாள்.
வீடு வீடாகப் போய்
எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது அவள் வேலை.
கார் ஓடாத காலையில்
மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர்
ஈரத்திலேயே கிடப்பார்.

மூடியைத் திறந்தேன்.
ஆயில் இருக்கவேண்டிய இடத்தில் பாலாடை.
எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிடாமல்
நடுவில் நிற்கிற கேஸ்கெட்,
அட்டைக் கனம்கூட இல்லை.
அது போனால் மிச்சமெல்லாம் இரும்பு.

ஆயிரத்து இருநூறு பவுண்டு ஆகும் என்றேன்.
வாங்கினதே ஆயிரத்து அறுநூறு என்றாள்.

ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.
நான் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை.
மறுமுனையில் சளி பிடித்த ஓர் இளைஞன்:
கடையில் வாங்கியிருந்தால் முப்பது நாள் உண்டு மேடம்,
திருப்பிக் கொடுத்துவிடலாம்.
தனி ஆளிடம் என்றால்
கார் நல்லதா என்று சட்டம் கேட்காது,
விற்றவர் சொன்னது நிஜமா என்றுதான் கேட்கும்.
என்ன சொன்னார்?

கைப்பையிலிருந்து எடுத்துப் படித்தாள்:
'மாமியார் ஓட்டிய வண்டி.
எனக்குத் தெரிந்து ஒரு குறையும் இல்லை.'

தெரிந்து என்கிறார்.
அவருக்குத் தெரியும் என்று காட்ட உங்களால் முடியுமா?
முடியாது என்றாள் நெரிஸ்.
அப்படியானால், என்று தொடங்கி
இருமினான் அவன். நெடுநேரம் இருமினான்.

என்னால் முடியும்.

மார்ச் மாதம் இதே லிஃப்டில் இதே நீலம்.
கொண்டுவந்தவன் இட்வால்.
எத்தனை நாள் தாங்கும் என்றான்.
மெல்ல ஓட்டினால் கோடை வரை என்றேன்.
எதையாவது பூசி மெழுகி விடேன் என்றான்.
பூசவில்லை.
பார்த்ததற்கு நாற்பது பவுண்டு பில் போட்டு
அடியில் எழுதினேன்:
கேஸ்கெட் போய்விட்டது, உரிமையாளரிடம் சொல்லியாயிற்று.
வெள்ளைத்தாள் அவனுக்கு,
கார்பன் பதிந்த மஞ்சள் எனக்கு.

வியாழன்தோறும் சேர்ந்திசைக் குழுவில்
அடிக்குரல் வரிசையில் என் இடப்பக்கம் நிற்பவன் இட்வால்.
நான் வரி மறந்தால் முழங்கையால் இடிப்பான்.
அப்பாவின் பெட்டியைச் சுமந்த ஆறு தோள்களில்
ஒன்று அவனுடையது.
கெட்டவன் இல்லை.
ஆயிரத்து அறுநூறு பவுண்டு தேவைப்பட்டவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
அந்த விளம்பரத்தைத் தபால் ஆபீஸ் கண்ணாடியில்
நானும் படித்தேன்.
இரண்டு முறை.
தபால்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டு நெரிஸ் கேட்டாள்,
காயலான் கடையில் எவ்வளவு தருவார்கள்?
எண்பது, தொண்ணூறு, என்று ஆரம்பித்த வாய்
அங்கேயே நின்றுவிட்டது.

பரணில் மார்ச் மாதப் புத்தகம்.
தூசி தட்டவில்லை.
பக்கத்தைப் பிரித்து, மூடிக்கொள்ளாமல் இருக்க
மேலே அந்த ஸ்பேனரை வைத்தேன்.
கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல்
என் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது.

சோப்பு போட்டுத் தேய்த்தேன்.
நகக்கண்ணில் இருப்பது போகவில்லை, எப்போதும் போவதில்லை.
முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் சத்தமே இல்லை,
தகரக் கூரையில் மழை தவிர.
பிறகு
போன் கேமராவின் ஒரு க்ளிக்.
நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொன்று.

வியாழனுக்கு இரண்டு நாள் இருக்கிறது.
குழாயை மூடாமல் நின்றேன்.